செட் மாத்திரையும் கௌரியின் கையும்

என் மருமகள் கௌரியின் இடது கையில், முழங்கைக்குக் கீழே, ஒரு வெட்டுத் தழும்பு இருக்கிறது. வெட்டியவள் நான்தான். மீன் வெட்டுகிற கத்தியால் வெட்டினேன். பீர்க்கன்கரணையில் எங்கள் தெருவில் இதைப் பற்றி ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். பேய் பிடித்தது என்கிறார்கள். குடித்திருந்தேன் என்கிறார்கள். சொத்துத் தகராறு என்றும் ஒருத்தி சொன்னாளாம். அந்தச் சொத்து எங்கே இருக்கிறது என்று அவளே காட்டினால் எனக்கும் நல்லது. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத்து அதிகம் வராது, கூட்டிக் கூட்டித்தான் எழுதுவேன். அவசரம் ஒன்றும் இல்லை. நீங்களும் மெதுவாகவே படியுங்கள். நடுவில் மாத்திரை விஷயம் வரும். அதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

என் பெயர் தேசம்மா. பிறந்தது கோவளம் பக்கம் மீன்காரக் குப்பம். வாழ வந்தது இங்கே. கடலில்லாத ஊரில் கட்டிக் கொடுத்துவிட்டார்களே என்று அழுதவள், பிறகு அந்தக் கடலை வைத்தே இங்கே பிழைத்தேன். கேளம்பாக்கம் வழியாக வேனில் மீன் வரும். பெருங்களத்தூரில் ரோட்டோரம் கூடை போட்டு விற்பேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு என் மகன் ஏழுமலையை அந்தக் கூடையால்தான் வளர்த்தேன். அவன் இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஒருவரிடமும் கை நீட்டியதில்லை. ஆஸ்பத்திரியில் படுத்ததில்லை. பிள்ளைப்பேறே வீட்டில்தான். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

இனி செட் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். மெடிக்கல் கடையில் போய் நின்று, "சளிக்கு ஒரு செட் குடுப்பா" என்றால் போதும். கடைக்காரர் நாலு டப்பாவைத் திறப்பார். ஒரு அட்டையில் வெள்ளை மாத்திரை ஒன்று, இன்னொன்றில் மஞ்சள் ஒன்று, மற்றொன்றில் பச்சைக் கேப்சூல் ஒன்று என்று கத்தரிக்கோலால் நறுக்கி, எல்லாவற்றையும் ஒரு சின்னக் காகித உறையில் போட்டு மடித்துக் கொடுப்பார். பெயர் இருக்காது. இருந்தாலும் பாதி எழுத்து கத்தரியில் போயிருக்கும். டீயோடு சேர்த்து அதை விழுங்கிவிட்டு வியாபாரத்தைப் பார்ப்போம். மார்க்கெட்டில் உட்காருகிற எல்லாப் பெண்களும் அப்படித்தான். எங்கள் கணக்கில் செட் என்பது மருந்தே கிடையாது. மருந்து என்றால் அது சுகர்காரர்களும் பிரஷர்காரர்களும் தினமும் போடுவது. செட் என்பது டீ, பன் மாதிரி.

எனக்கு வந்த வினை எறாவால், அதாவது இறாலால் வந்தது. இப்போதெல்லாம் அடுக்குமாடிக்காரர்களுக்கு எறாவை உரித்துக் கொடுக்க வேண்டும். ஓட்டல்காரர்களுக்கும் உரித்துதான் வேண்டும். மழைக்காலம் தொடங்கியதும் ஆர்டர் கூடியது. எறாத் தண்ணீரில் கை ஊற ஊற, விரலிடுக்கெல்லாம் வெடித்தது. முழங்கை வரை தடிப்புத் தடிப்பாக எழும்பியது. அரிப்பு என்றால் சாதாரண அரிப்பு இல்லை, தோலை உரித்து எறியலாமா என்று தோன்றும். செதில் சீவுகிற கத்தியின் முதுகால் தேய்ப்பேன். ரத்தம் வந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

அதற்காகப் பெருங்களத்தூர்க் கடையில் அரிப்பு மாத்திரை வாங்கினேன். அதே வாரம் சளி பிடித்தது. ஓட்டலுக்கு எறா கொடுக்க வண்டலூர் போனபோது, அங்கே ஒரு கடையில் சளிக்குச் செட் வாங்கினேன். இருமல் விடவில்லை. எங்கள் தெருமுனைக் கடையில் இருமல் டானிக் வாங்கினேன். மூன்று கடை, மூன்று வியாதி. ஒவ்வொரு கடைக்காரருக்கும் அவர் கொடுத்தது மட்டும்தான் தெரியும். அரிப்பு அடங்கவில்லை என்றால் ஒன்று போடுகிற இடத்தில் இரண்டு போட்டேன். வெறும் வயிறா, சாப்பிட்ட வயிறா என்றெல்லாம் பார்க்கவில்லை.

முதலில் நாக்கு வறண்டது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் கண் மங்கியது. சங்கரா மீன் கேட்டவருக்குக் கிழங்கானை அள்ளிப் போட்டேன். பிறகு சிறுநீர் போகவில்லை. போய் உட்காருவேன், வராது. அடிவயிறு கல் மாதிரி ஆனது. இதை யாரிடம் சொல்வது? மகனிடம் சொல்ல முடியுமா? வெயிலில் உட்கார்ந்த சூடு என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். மழைக்காலத்தில் எங்கே வெயில் என்று யோசிக்கக்கூட புத்தி ஓடவில்லை.

கௌரிதான் முதலில் கண்டுபிடித்தாள்.

"இன்னா அத்த, வாய் கொழறுது? காலங்காத்தால எங்கனா ஊத்திக்கினு வந்தியா?"

"உங்கப்பன் ஊத்திக் குடுத்தான், போடி."

"எங்கப்பன் குடுத்தா நீ பாட்டிலோட வாங்கிக்குவ. மூஞ்சப் பாரு, சங்கரா மாரி செவந்து கீது. படு கொஞ்ச நேரம்."

எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சே அப்படித்தான். அவள் வாழ வந்த நாளிலிருந்து அவள் ஒரு சொல் சொல்ல, நான் இரண்டு சொல்ல, பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டை என்று நினைப்பார்கள். சண்டையெல்லாம் இல்லை. அவள் வாய் ஓய்ந்த நாளில்தான் எனக்கு வீடு வீடாக இருக்காது.

மறுநாள் மத்தியானம் வியாபாரத்தை முடித்து வந்து, மிச்ச மீனைக் குழம்புக்கு வெட்ட உட்கார்ந்தேன். கௌரி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சுவரில் நண்டு ஏறியது. குட்டி நண்டு, நகம் அளவுக்கு. ஒன்று ஏறியது, பிறகு பத்து, பிறகு சுவர் முழுக்க. எனக்கு ஆச்சரியமாகவே இல்லை. மழைக்கு ஏரியிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். திரும்பினால் கௌரியின் கையில் நண்டு. வளையலுக்கடியிலிருந்து வருகிறது. தோலைக் கிழித்துக்கொண்டு வருகிறது. அவளோ ஒன்றும் தெரியாதவள் மாதிரி வெங்காயம் உரிக்கிறாள்.

"கையப் பாருடி! கையப் பாருடி!" என்று கத்தினேன்.

"இன்னா அத்த? இன்னா கீது கைல?"

அவள் கையைப் பிடித்து இழுத்து, நண்டை வெட்டினேன். வெட்டினது அவள் கையை.

ரத்தம் என் முகத்தில் அடித்தது. அவள் அலறினாள். அலறுகிறாளே, நண்டு கடிக்கிறதே என்று நான் மறுபடி ஓங்கினேன். அவள் அருகிலிருந்த சட்டியால் என் மணிக்கட்டில் அடித்தாள். கத்தி விழுந்தது. நான் அவள் தலைமுடியைப் பிடித்தேன். இரண்டு பேரும் மீனிலும் ரத்தத்திலும் உருண்டோம். அக்கம்பக்கத்தார் கதவைத் தள்ளி வந்து, என்னைக் கீழே அழுத்தினார்கள். முதுகில் ஒரு ஆள் உட்கார்ந்தான். இதெல்லாம் எனக்குத் துண்டு துண்டாக நினைவிருக்கிறது. அவளைக் காப்பாற்றத்தான் கத்தியை எடுத்தேன் என்பதும் நினைவிருக்கிறது. அதைச் சொல்லி என்ன பயன்? வெட்டு பட்டவளுக்கு அது தெரியுமா?

ஏழுமலை எங்கள் இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனான். முன்சீட்டில் கௌரி, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு. பின்சீட்டில் என்னை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க நான் கெட்ட வார்த்தை பேசினேனாம். சிக்னலில் நின்ற போலீஸ்காரரையும் விடவில்லையாம். தாம்பரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பெயர் எதற்கு, விடுங்கள்.

அவசரப் பிரிவில் கௌரிக்கு ஒரு பக்கம் தையல் போட்டார்கள். எனக்கு ஒரு பக்கம் சிரிஞ்சு குத்தினார்கள். கையில் ஏற்றிய குளுக்கோஸ் டியூப் எனக்குத் தூண்டில் நரம்பாகத் தெரிந்தது. யாரோ என்னை இழுக்கிறார்கள் என்று பிடுங்கி எறிந்தேன். ரத்தம் படுக்கை முழுக்க. ஒரு ஆண் நர்ஸ் பிடிக்க வந்தான், அவன் புறங்கையைக் கடித்தேன். நல்ல பிள்ளை, பிறகு வந்து தழும்பைக் காட்டி, "அம்மா, பல்லு நல்லா ஸ்ட்ராங்கா வெச்சிருக்கீங்க" என்று சிரித்தான். அன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. பஞ்சுத் துணியால் என் இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். அப்புறம் காலையும். என்னைக் கீறி உப்பைத் திணித்துக் கருவாடு போடப் போகிறார்கள் என்று நினைத்தேன். அறுந்து போகட்டும் என்று கையை இழுத்தேன், மணிக்கட்டுத் தோல் உரிந்தது. எவர் வந்தாலும் துப்பினேன். துப்ப எச்சில் இல்லை.

தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். பக்கவாதமா, மூளைக்குள் ரத்தக் கசிவா என்று பார்க்கத்தான். ஒன்றும் இல்லை. அதற்கு ஏழுமலை எங்கே பணம் புரட்டினான் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இதயத் துடிப்பு மட்டும் ஓடுகிற ஆளுக்கு மாதிரி அடிக்கிறது என்றார்கள். வயசானவர்களுக்குத் திடீரென்று இப்படி ஆகும், மறதி நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். செய்தி கேட்டு ஓடி வந்த கௌரியின் அம்மா வராண்டாவில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"கீழ்ப்பாக்கம் இட்டுகினு போங்க. இங்க வெச்சிகினு இன்னா பண்றது? இது வூட்டுக்கு வந்தா எம்பொண்ணு அந்த வூட்ல இருக்க மாட்டா, சொல்லிட்டேன்."

அப்போதுதான் ஒரு டாக்டர் வந்தாள். சின்னப் பெண், கோபக்காரி. என் நாக்கை வெளியே இழுத்துப் பார்த்தாள். கண்ணில் டார்ச் அடித்தாள். கருவிழி நடுவிலிருக்கிற பாப்பா அகலமாகத் திறந்து கிடந்ததாம், வெளிச்சம் பட்டும் சுருங்கவில்லையாம். அக்குளில் கை வைத்துப் பார்த்தாள். உடம்பு கொதிக்கிறது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. அடிவயிற்றை அமுக்கினாள். நான் ஊரே கேட்கக் கத்தினேன்.

"யூரின் எப்ப போனாங்க?" என்று கேட்டாள். ஒருவருக்கும் தெரியவில்லை.

சிறுநீர் வழியில் ஒரு குழாயை விட்டாள். பை நிரம்பியது. மாற்றினார்கள், மறுபடி ஏறியது. அந்த நிமிடம் மட்டும் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. உலகத்தில் அதைவிட ஒரு சுகம் கிடையாது.

"என்ன மாத்திரை எடுக்கறாங்க?" என்று ஏழுமலையைக் கேட்டாள்.

"எங்கம்மா ஒரு மாத்திரையும் போடாது டாக்டர். இரும்பு ஒடம்பு."

"சுகர், பிரஷர், தூக்க மாத்திரை?"

"ஒன்னுமே கெடையாது டாக்டர்."

அவன் பொய் சொல்லவில்லை. என்னைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். டாக்டர் கட்டியிருந்த என் கையைத் தூக்கிப் பார்த்தாள். வெடிப்பும் தடிப்பும் கீறலுமாக இருந்தது.

"இது என்ன? இந்த அரிப்புக்கு எதுவுமே போடலையா?"

கதவோரம் தையல் கட்டோடு நின்றிருந்த கௌரி அப்போது சொன்னாள்: "செட்டு வாங்கிப் போடுவாங்க மேடம். சளி, அரிப்புன்னா. அதெல்லாமா மாத்திரைல சேத்தி?"

டாக்டர் அவள் பக்கம் திரும்பினாளாம். "வீட்ல இருக்கறது எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. காலி அட்டை, பாட்டில், எல்லாம். இப்பவே."

தையல் போட்ட கையோடு கௌரிதான் வீட்டுக்குப் போனாள். கழுவாத ரத்தம் தரையில் காய்ந்து கிடக்க, அதைத் தாண்டிப் போய், என் புடவை மடிப்பு, அஞ்சறைப் பெட்டி, எடைக்கல் வைக்கிற டப்பா என்று எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேடி, கொண்டுவந்து மேஜையில் கொட்டினாள். கிழிந்த உறைகள், பாதி அட்டைகள், டானிக் பாட்டில். தன்னை வெட்டியவளுக்காக ஓடினாள். இதை நான் அவளுக்குச் செய்திருப்பேனா என்று கேட்டால், செய்திருப்பேன் என்று வாயால் சொல்லலாம். தெரியாது.

டாக்டர் ஒவ்வொன்றாகப் பிரித்து, கத்தரியில் தப்பிய எழுத்தைக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, பாட்டிலை மேஜையில் ஓங்கி வைத்தாளாம். அரிப்பு மாத்திரையில் ஒரு மருந்து. சளிச் செட்டில் ஒரு மாத்திரைக்குள் அதே மருந்து. டானிக்கிலும் அதே இனத்து மருந்து. மூன்று கடையில் மூன்று வியாதிக்கு வாங்கி, ஒன்றையே மும்மடங்காகக் குடித்திருக்கிறேன். அதன் மேலே, அரிப்பு தாங்காமல் இரட்டித்தது வேறு.

இதைக் கேட்டுவிட்டு ஏழுமலை நேராகப் பெருங்களத்தூர்க் கடைக்குப் போய், கடைக்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டான். கல்லாவுக்கு முன்னால் இருந்த கண்ணாடி உடைந்தது, இவன் கையும் கிழிந்தது. அந்த ஆள் சட்டையை விடுவித்துக்கொண்டு சொன்னாராம்: "உங்கம்மா கேட்டாங்க, குடுத்தேன். வேற கடைல இன்னா வாங்கித் துன்னாங்கன்னு எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்?" பெயர் தெரியாமல் நறுக்கிக் கொடுத்தது அவர் தப்பு, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த ஒரு பேச்சு நியாயம். நான் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை.

மருந்தை நிறுத்தி, குளுக்கோஸ் ஏற்றி, இதயத்தைக் கவனித்துக்கொண்டு காத்திருந்தார்கள். போதை இறங்குகிற மாதிரி மெதுவாகத்தான் இறங்கியது. நண்டுகள் குறைந்தன. பிறகு ஒன்றிரண்டு வந்துபோயின. பிறகு சுவர் வெறும் சுவராக ஆனது. கட்டை அவிழ்த்தார்கள்.

புத்தி தெளிந்ததும் டாக்டர் என் கட்டிலில் வந்து உட்கார்ந்து சொன்னதை, எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். இதுதான் இரண்டு தடவை படிக்க வேண்டிய இடம்.

நம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத ஒன்று பட்டால், உள்ளே ஹிஸ்டமின் என்று ஒன்று கிளம்புமாம். அரிப்பு, தடிப்பு, தும்மல், மூக்கொழுகல் எல்லாம் அதன் வேலை. இந்த மாத்திரை அதைத் தடுக்கிறது. சரியான அளவில் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் இந்தப் பழைய வகை மாத்திரை மூக்கோடு நிற்காது. மூளைக்குள்ளும் போகும். தூக்கம் வரும். வாய், கண் எல்லாவற்றையும் உலர்த்தும். சிறுநீரையும் மலத்தையும் கட்டும். வயசானவர்களுக்கு உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறாது, அதனால் கொஞ்சம் கூடினாலும் புத்தி தடுமாறும், கால் தடுமாறும், விழுந்து எலும்பை உடைத்துக்கொள்வார்கள், இல்லாததைப் பார்ப்பார்கள்.

"இந்த மருந்துக்குப் பேரு சி.பி.எம்., அம்மா" என்றாள்.

"கட்சிப் பேரு மாதிரி கீதே."

"எந்தக் கட்சியா இருந்தாலும் நீங்க இனிமே ஓட்டுப் போடாதீங்க" என்றாள். கோபக்காரிக்கும் சிரிப்பு வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கண்ணில் நீரழுத்தம் இருக்கிறவர்களும், சிறுநீர் கழிக்கக் கஷ்டப்படுகிற வயசான ஆண்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாதாம். தூக்க மாத்திரையோடும் சாராயத்தோடும் சேரவே கூடாதாம். போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக்கூடாது. என் மகன் ஆட்டோக்காரன், அவனுக்கும் சேர்த்துத்தான் சொன்னாள். அரிப்பு மாத்திரை போடுகிறவர் சளி மாத்திரையோ டானிக்கோ வாங்கினால், "இதுல அதுவும் இருக்கா?" என்று கடைக்காரரைக் கேட்க வேண்டும். பெயர் தெரியாத மாத்திரையை வாங்கக்கூடாது. அடங்கவில்லையென்று இரட்டிக்கக்கூடாது, அடங்காவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ மாத்திரையை நம்பி உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். யாராவது திடீரென்று உளறினால், சிறுநீர் நின்றால், பேய் என்று சொல்லாமல் என்னென்ன விழுங்கினார்கள் என்று பாருங்கள். செட்டும் மருந்துதான். இவ்வளவுதான் விஷயம்.

எனக்கு ஒரு களிம்பும், கையுறை போடாமல் எறா தொடக்கூடாது என்ற உத்தரவும், அரிப்பு ரொம்ப மீறினால் மட்டும் போட ஒரு புதுவகை மாத்திரையும் எழுதிக் கொடுத்தாள். அது அவ்வளவாக மூளைக்குப் போகாதாம். அதையும் என் வயசுக்குக் குறைத்த அளவில்தான், அது ஒன்றை மட்டும்தான். "மூளை நல்லா இருக்கு. பைத்தியமும் இல்ல, மறதியும் இல்ல" என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லி என்னை அனுப்பினாள்.

எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். உடம்பு கேட்டுக்கொள்ள வேண்டுமே. கௌரியின் உடம்பு கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலேயே அவள் கட்டிலின் கால்மாட்டில்தான் நின்றாள். இட்லியைப் பிய்த்து ஊட்ட வேண்டியிருந்தபோது ஏழுமலையைக் கூப்பிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகு இன்னும் மோசம். சோற்றுத் தட்டை வைத்துவிட்டு இரண்டடி பின்வாங்குவாள், கடிக்கிற நாய்க்கு வைப்பது மாதிரி. எனக்கு முதுகைக் காட்டி நிற்கமாட்டாள். நான் எழுந்தால் அவளும் எழுவாள். உள்ளறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு படுத்தாள். பேச்சோ, "சாப்டுங்க", "குளிங்க", "வேணுமா" என்று ஒற்றை ஒற்றையாக வந்தது. திட்டு இல்லை, கிண்டல் இல்லை. நான் வேண்டுமென்றே குழம்பில் உப்பில்லை என்றேன். பேசாமல் உப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அன்றைக்குத் தட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

காவலுக்கென்று அவள் அம்மா வந்து எங்கள் வீட்டிலேயே தங்கினாள். ஒருநாள் என் காதில் விழும்படியே ஏழுமலையிடம் பேசினாள்.

"மருந்துன்னு சொல்றாங்க, சரி. நாளைக்கு இன்னொரு மருந்து துன்னா? எம்பொண்ணு கழுத்துக்கு யார் ஜவாப்பு? கோவளத்துல ஒங்க ஆளுங்க கீறாங்க இல்ல, அங்க ஒரு ரூம் பாத்து வுடு."

"ஒரு ரூம் பாத்துதான் வெச்சிருக்கேன்" என்றான் என் மகன். எனக்கு அது கத்தி மாதிரி இறங்கியது. "மழை வுட்டதும் இட்டுகினு போவலாம். ஆனா கௌரி சொல்லணும். அவ கைதான் வெட்டு பட்டுது, அவதான் சொல்லணும்."

கௌரி அங்கேதான் இருந்தாள். ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அவள் வாயைப் பார்த்துக்கொண்டே நான் அந்த மழைக்காலத்தைக் கழித்தேன். போகச் சொன்னால் போய்விடுவது, கெஞ்சக்கூடாது என்று முடிவு பண்ணியிருந்தேன். மன்னிப்புக் கேட்கலாமே என்பீர்கள். ஒருநாள் அவள் கையைப் பார்க்கலாமென்று நீட்டினேன். அவள் சுவரில் போய் ஒட்டிக்கொண்டாள். அப்புறம் எதைக் கேட்பது?

வியாபாரத்துக்குப் போகத் தொடங்கினேன். கையுறையோடுதான். எறாவைத் தொடவில்லை. ஆனால் ஒருநாள் பக்கத்தில் விற்பவளின் எறாக் கூடை சரிந்து, தண்ணீர் முழுக்க என் கையிலும் கழுத்திலும் கொட்டியது. சாயங்காலத்துக்குள் தடித்துவிட்டது. களிம்பு போட்டேன், கேட்கவில்லை. டாக்டர் சொன்ன அந்த ஒரு மாத்திரையைப் போட வேண்டிய நேரம் இது. வீட்டில் சொன்னால், மறுபடி மாத்திரையா என்று கௌரியின் அம்மா ஊரைக் கூட்டுவாள். எனவே தெருமுனைக் கடைக்கு நானே போனேன். டாக்டர் எழுதிய சீட்டைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ஒரு எட்டு பின்னால் போனார். "யம்மா, செட்டெல்லாம் நிறுத்திட்டோம்."

"உன் செட்ட எவ கேட்டா? இந்தப் பேரு படிச்சி, இதே குடு. அட்டையோட குடு, வெட்டாத. பின்னாடி பொடி எழுத்துல இன்னா போட்டுகீதுன்னு சத்தமா படி. நான் வேற ஒரு மருந்தும் துன்றதில்ல, சளி இல்ல, இருமல் இல்ல. போதுமா?"

அவர் படித்துக்கொண்டிருக்கும்போதே, பின்னாலிருந்து என் தோளை யாரோ பிடித்துத் திருப்பினார்கள். கௌரி. நான் வாயைத் திறப்பதற்குள் என் கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. காது ஙொய்யென்றது.

"மறுபடியுமா? சாவறியா? இல்ல என்ன சாவடிக்கறியா? சொல்லு, எதுக்கு வந்த நீ? எவ்ளோ நாளா நடக்குது இது?"

அட்டையைப் பிடுங்கிக் கீழே எறிந்தாள். இன்னொரு அறை. என் கைகளை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள். தெரு நின்று பார்த்தது. பூக்காரி, இஸ்திரிக்காரர், டியூஷன் போய்வந்த பிள்ளைகள், எல்லோரும். என் வீட்டுக்காரர்கூட என்னை அடித்ததில்லை, ஒருமுறை கை ஓங்கியதற்கே களி கிண்டுகிற துடுப்பை எடுத்தவள் நான். அப்படியே நின்றேன்.

கடைக்காரர்தான் குறுக்கே வந்தார். "யக்கா, யக்கா, அடிக்காத. அவங்க சரியாத்தான் கேட்டாங்க. டாக்டர் எழுதுன அதே மாத்திரை. என்னையே படிக்கச் சொல்லிக் கேட்டுகினு இருந்தாங்க."

கௌரி கீழே குனிந்து அட்டையை எடுத்தாள். பெயரைப் படித்தாள். என் கழுத்துத் தடிப்பைப் பார்த்தாள். அவளுக்கு முகம் கோணிக்கொண்டது.

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னா, வாய்ல கொழுக்கட்டயா?"

"எங்கடி சொல்ல வுட்ட? கை நீளுது ஒனக்கு. பல்லு ஆடுது பாரு."

"ஆடட்டும். ஆஸ்பத்திரில கடிச்ச பல்லுதான?"

பாதி அழுகையும் பாதிச் சிரிப்புமாக அவள் அங்கேயே நின்றாள். அட்டையைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள், அரிப்பு மீறும்போது கேட்டால் தான்தான் எடுத்துத் தருவேன் என்றாள். பிறகு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வழியெல்லாம் திட்டினாள். நான் பிறந்த குப்பத்தை, என் மகனை, என் எறாவை. நானும் விடவில்லை. வீட்டு வாசலில் அவள் அம்மா நின்றுகொண்டு, என் சிவந்த கன்னத்தையும் மகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னாடி ஆச்சு? நான் சொன்னேன் இல்ல? அந்த ரூமுக்கு நாளைக்கே போன் பண்ணச் சொல்லுடி."

"ரூமும் வேணாம், ஒன்னும் வேணாம்" என்றாள் கௌரி. என் கையை அவள் இன்னும் விடவில்லை. "அங்க இது ஒண்டியா கெடந்தா, எவ போய் இத அடிக்கறது?"